ராணிக்கும் ஒரு டிக்கெட் கொடுங்கள்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தாருக்கு,

வணக்கம்.

வரும் காணும் பொங்கலன்று தண்டையார்பேட்டையில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஆசை. நாங்கள் என்றால் நான், என் கணவர், மகன், மாமியார், ராணி. முதல் நால்வருக்கும் டிக்கெட் கிடைக்கும். ராணி நாய் என்பதால் அவளுக்குக் கிடைக்காது. காசு கொடுக்க நாங்கள் தயாராக இருந்தாலும் கிடைக்காது. அந்த டிக்கெட்டை உண்டாக்கித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நகரத்தில் பஸ்ஸை நடத்துவது ஒருவர், புறநகர் மின்ரயிலை நடத்துவது இன்னொருவர், மெட்ரோவை நடத்துவது மற்றொருவர். மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதற்காகவே 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் குழுமம் அமைந்தது. 2025 செப்டம்பரில் வெளிவந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க வழிசெய்தீர்கள். என் மாமியார் அதில் பயணம் செய்து பழகிவிட்டார். மூன்று நிர்வாகங்களின் பயணக் கட்டணத்தையும் ஒரு செயலிக்குள் கொண்டுவர முடிந்த உங்களால், அதே செயலியில் ‘நாய்’ என்று ஒரு வரியைச் சேர்க்க முடியும்.

வடசென்னையில் நாய் வளர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காசிமேட்டில் வலை பழுது பார்க்கும் இடத்திலெல்லாம் நாய்கள் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கும், சோறு வைக்க ஒரு வீடு இருக்கும். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பங்கள்கூட ஒரு நாயை வளர்க்கின்றன. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இருப்பது நாட்டு நாய்தான். எங்கள் ராணியும் அப்படித் தெருவில் பிறந்து எங்களிடம் வந்து சேர்ந்தவள்.

இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோரிடம் கார் இல்லை. கார் வைத்திருப்பவர் பின்சீட்டில் நாயை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போகலாம், ஏலகிரி போகலாம். எங்களைப் போன்றவர்களுக்கு நாயின் உலகம் நான்கு தெருக்களோடு முடிந்துவிடுகிறது. உல்லாசப் பயணத்தை விடுங்கள், நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. வடசென்னையில் ஏழை வீட்டு நாய்க்கு அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் அங்கே எப்படி வருகிறார்கள் என்று ஒரு காலை வேளையில் அந்த வாசலில் நின்று பார்த்தால் தெரியும். பைக்கில் இருவருக்கு நடுவே, துணியில் சுற்றி, மூச்சிரைக்கும் நாயைப் பிடித்தபடி வருவார்கள். ஆட்டோ ஓட்டுநர்களில் மனமிரங்கி ஏற்றுகிறவர்கள் உண்டு. நாயைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டைக் கழுவ வேண்டிய வேலையும், அடுத்த சவாரிக்காரர் முகம் சுளித்தால் ஏற்படும் நஷ்டமும் அவர்களுடையவை.

இனி, இந்தக் கோரிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

என் அக்காவும் அத்தானும் நெதர்லாந்தில் ஹார்லெம் என்ற ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியவன் பிராம், லாப்ரடார். மற்றவன் மணி. ருமேனியாவில் தெருவில் திரிந்து, காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து அக்கா வீட்டுக்குத் தத்து வந்தவன். நம் தெருவில் நிறுத்தினால் வெளிநாட்டு நாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே செம்பட்டை நிறம், அதே கூர்ந்த காது. சென்ற டிசம்பரில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஒருநாள், இரண்டு நாய்களையும் அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் போய் வந்தோம். காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முன் போகலாம் என்று முடிவு செய்தவள் அக்காதான். ஆண்டின் கடைசி நாட்களில் அங்கே வெடிச் சத்தம் ஆரம்பித்துவிடும். புத்தாண்டு இரவில் அந்நாட்டு நாய்கள் படும் பாடு, தீபாவளியில் நம் நாய்கள் படும் பாட்டுக்குச் சற்றும் குறைந்ததில்லை. மணி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மாட்டானாம். பொதுமக்கள் வெடி வெடிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. இங்கே 2018இல் உச்ச நீதிமன்றம் விதித்த வரம்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று அரசு குறித்திருக்கிறது. எங்கள் தெருவில் அது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி நாளில் நாயைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஓர் அமைதியான இடத்துக்குப் போய்விட்டால் போதும் என்று ஒவ்வோர் ஆண்டும் தோன்றும். எதில் ஏறிப் போவது?

ஹார்லெம் நிலையத்தில் எங்களுக்கு டிக்கெட் எடுத்தார் அத்தான். பிறகு பிராமுக்கும் மணிக்கும் எடுத்தார். மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு, அல்லது பைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிய நாய் என்றால் அங்கே டிக்கெட் வேண்டாம். அதைவிடப் பெரிய நாய்க்குச் சில யூரோ கொடுத்து ஒரு நாள் டிக்கெட் எடுக்க வேண்டும். எடுத்தால் அன்று முழுவதும் செல்லும். கழுத்தில் வார் இருக்க வேண்டும். இருக்கையில் ஏறக் கூடாது. விதி அவ்வளவுதான்.

ஹார்லெமுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையேதான் 1839இல் அந்நாட்டின் முதல் ரயில் ஓடியது என்று அத்தான் சொன்னபோது, எனக்கு ராயபுரம் நினைவுக்கு வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்துதான். பதினேழு ஆண்டு இடைவெளி. ரயிலோடு இத்தனை காலம் வாழ்ந்த மக்கள் நாங்கள். ரயிலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் பிராம் அக்காவின் காலடியில் சுருண்டுகொண்டான். மணி சன்னலை எட்டிப் பார்க்க முயன்றான்; அத்தான் வாரை இழுத்ததும் உட்கார்ந்துவிட்டான். எதிரே வந்து உட்காரப்போன ஒரு பெண்மணி நாய்களைப் பார்த்துத் தயங்கினார். அக்கா உடனே எழுந்து, இரண்டையும் கூட்டிக்கொண்டு கதவோரமாகப் போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண்மணி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. பரிசோதகர் வந்தார், மனிதர்களின் டிக்கெட்டைப் பார்த்தார், நாய்களின் டிக்கெட்டையும் பார்த்தார், அடுத்த பெட்டிக்குப் போனார்.

ஆம்ஸ்டர்டாமில் நாயோடு நடப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் சைக்கிள் வெள்ளம். வாரைக் கையில் சுற்றி, நாயை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பண்டிகைக் கூட்டம் மொய்க்கும் கடைத்தெருவை அக்கா முற்றிலும் தவிர்த்துவிட்டாள். அத்தனை கால்களுக்கு நடுவே நாய் திணறிப்போகும் என்றாள். மேற்கே திரும்பிக் கால்வாய்களை நோக்கி நடந்தோம். ஹெரன்கிராக்ட், கெய்சர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து செல்லும் கால்வாய்கள். 1613இல் வெட்டத் தொடங்கியவை. 2010 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. கரையோரம் எல்ம் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. நீரில் வரிசையாகப் படகு வீடுகள். ஒன்றின் மேல்தளத்தில் ஒரு கிழட்டு நாய் கம்பளி விரிப்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் குரைத்தது. மணி பதில் கொடுத்தான், பிராம் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கரைகளில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. அதனால் நாய் எப்போதும் வீட்டுச் சுவர்ப் பக்கம், நாம் தண்ணீர்ப் பக்கம். பாலத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் அக்கா நின்று, நாய்களைத் தண்ணீரைப் பார்க்கவிட்டாள். மணி வாத்துகளைப் பார்த்த பார்வையில் உடம்பு முழுவதும் நடுங்கியது. ஒரு விலங்கு புதிய இடத்தை மோப்பத்தால் அறிந்துகொள்வதை அரை மணி நேரம் கூடவே நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு விளக்குக் கம்பமும் அதற்கு ஒரு செய்தி. காது, வால், மூக்கு எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அன்றிரவு அவை தூங்கிய தூக்கத்தை வீட்டுக்குள்ளேயே அடைபட்ட நாய் ஒருநாளும் தூங்காது. ராணிக்கு இது வேண்டும் என்று எனக்கு அங்கேதான் தோன்றியது.

தெருமுனையில் ஒரு கடையில் ஓலிபோலன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் சாப்பிடும் உருண்டைப் பலகாரம், மேலே சர்க்கரைத் தூள். மணி மோப்பம் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அக்கா ஒரு துணுக்குகூடக் கொடுக்கவில்லை. உள்ளே உலர்திராட்சை இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சில நாய்களுக்கு மிகச் சிறிய அளவே ஆபத்து. நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நம் சர்க்கரைப் பொங்கலிலும் திராட்சை போடுகிறோம். பண்டிகை நாளில் பாசத்தோடு ஒரு கவளம் வைப்பதற்கு முன் அதைப் பொறுக்கி எடுத்துவிடுவதும் போதாது, பொங்கலே வேண்டாம். வெறும் சோறு வையுங்கள்.

காபி குடித்த கடையில் கேட்காமலேயே நாய்களுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் பழம் வாங்கப் போன பல்பொருள் அங்காடிக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே நின்றோம். படகுச் சவாரியையும் விட்டுவிட்டோம். நாயை ஏற்றும் படகுகள் உண்டு, எல்லாம் ஏற்றுவதில்லை. நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கும் ஒளி விழாவுக்காகக் கால்வாய்களின் மேல் விளக்குச் சிற்பங்கள் அமைத்திருந்தார்கள். கரையில் நடந்தபடியே பார்த்தோம். கையுறைக்குள் விரல் விறைத்தது. திரும்பும் ரயில் நிரம்பி வழிந்தது. ஏறியிருக்கலாம், தடை ஒன்றும் இல்லை. அக்கா ஏறவில்லை, அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம். நாய் எச்சத்தை அள்ளிய பைகளை அத்தான் வழியிலிருந்த குப்பைத் தொட்டிகளில் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

இவ்வளவையும் ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், அந்த நாளில் எனக்குப் பிடிபட்டது ஒன்று இருக்கிறது. அந்த ஊரார் நம்மைவிட நாய்மீது அன்பு கொண்டவர்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அம்மா, தான் சாப்பிடுவதற்கு முன் நான்கு நாய்களுக்கு வைப்பார். அன்புக்கு இங்கே குறைவில்லை. அங்கே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கே நாய் வரலாம், எங்கே வரக் கூடாது, வந்தால் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு காசு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நாயோடு வருகிறவர் கெஞ்ச வேண்டியதில்லை. நாயைக் கண்டு அஞ்சுகிறவர் சண்டை போட வேண்டியதில்லை. இங்கே பஸ்ஸில் ஏற விடுவதும் இறக்கிவிடுவதும் அன்றைய நடத்துநரின் மனத்தையும் அன்றைய கூட்டத்தின் முகத்தையும் பொறுத்தது. மெட்ரோவில் வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியே இல்லை. வெளியூர் ரயிலில் ஏசி முதல் வகுப்பில் ஓர் அறையை முழுவதுமாக எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், அல்லது கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில் ஏற்றலாம். பொன்னேரிக்கு நாங்கள் ஏறும் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் தனி அறையும் இல்லை, கூண்டும் இல்லை.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண பஸ்களில் வளர்ப்பு நாய்க்கு அரை டிக்கெட் உண்டு. ஐரோப்பாவில்தான் இது நடக்கும் என்று யாராவது சொன்னால் பெங்களூரைக் காட்டுங்கள்.

எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. நெதர்லாந்தில் தெருநாய்கள் இல்லை, வெறிநோய் பயம் இல்லை. இங்கே நாய் கடித்துக் குழந்தைகள் பாதிக்கப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் போய் ‘பக்கத்தில் நாயோடு உட்காருங்கள்’ என்று சொல்ல முடியாது. சிலருக்கு நாயின் முடி பட்டாலே மூச்சு முட்டும். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டிய இஸ்லாமியச் சகோதரர்கள் மண்ணடியிலும் ராயபுரத்திலும் எங்களோடு வாழ்கிறார்கள். கூட்டமான பஸ்ஸில் அவர்களுக்கு அந்தச் சங்கடத்தை நான் தர விரும்பவில்லை. மீன் கூடையோடு வரும் ஆத்தாக்களுக்கு அருகே நாயை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்கிறது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் காட்டி, மைக்ரோசிப் பொருத்தி, 50 ரூபாய் கட்டி உரிமம் பெற வேண்டும். இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். நல்ல ஏற்பாடு, ராணிக்கு நாங்கள் வாங்கிவிட்டோம். அந்த உரிமத்தைச் ‘சென்னை ஒன்று’ செயலியோடு இணையுங்கள். உரிமம் உள்ள நாய்க்கு மட்டும் டிக்கெட் வரட்டும். தடுப்பூசி காலாவதியானால் டிக்கெட்டும் வராமல் போகட்டும். உரிமம் வாங்கச் சொல்லி அபராதத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, வாங்கினால் ரயிலில் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். புளியந்தோப்பில் மாநகராட்சியின் கால்நடை மருத்துவ மையத்துக்கு முன் மக்கள் தாமாக வந்து நிற்பார்கள். வாரும், கடிக்காதபடி வாயில் மாட்டும் வாய்க்கூடையும் கட்டாயமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கான கட்டணத்தையே நாய்க்கும் வாங்கிக்கொள்ளுங்கள், அரை டிக்கெட் என்று பேரம் பேச மாட்டோம். எச்சத்தை எடுக்காதவருக்கு அபராதம் போடுங்கள், அதைக் கடுமையாகவே போடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, மின்ரயிலில் வியாபாரிகளுக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. காலை வேளையில் அது அவர்களுடையது. அதில் நாங்கள் குறுக்கிட மாட்டோம். மீனும் காய்கறியும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, முற்பகல் 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை அதில் நாய்களை ஏற்ற அனுமதியுங்கள். பண்டிகை விடுமுறை நாட்களில் மட்டும் காலையில் வடக்கு நோக்கிப் போகும் ஏதாவது ஒரு ரயிலிலும் இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் போன இடத்தில் கால் வைப்பதற்குள் திரும்ப வேண்டியதாகிவிடும். பஸ்ஸுக்கு இப்போதைக்கு அவசரப்படுத்த மாட்டேன். சென்னைப் பஸ்ஸின் நெரிசல் நாய்க்கே ஆகாது. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பஸ்ஸைப் போலக் கூட்டம் குறைந்த தடங்களில், பின் கதவுக்கு அருகே ஒரு பஸ்ஸில் ஒரு நாய் என்று ஆரம்பித்தால் போதும். மெட்ரோ 2021இல் விம்கோ நகர்வரை வந்துவிட்டது. அதில், கூடைக்குள் அடங்கும் நாயையும், வேப்பேரிக்கு மருத்துவத்துக்குப் போகிற நாயையும் மட்டுமாவது அனுமதியுங்கள்.

பழவேற்காட்டுக்கு ஏன் போக வேண்டும், வீட்டுப் பக்கத்திலேயே கால்வாய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேசின் பாலத்திலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக எண்ணூர்வரை பக்கிங்ஹாம் கால்வாய் எங்கள் நடுவே ஓடுகிறது. 1806இல் எண்ணூர்வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1876 முதல் 1878வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது கூலிக்கு வந்த பசித்த மக்கள்தான் நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அதன் பிறகே அன்றைய ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்து இறங்கிய நீர்வழி. சால்ட் கோட்டர்ஸ் என்ற சரக்கு நிலையத்தின் பெயரில் உப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அதன் கரையில் ராணியை நடத்திப் போக எனக்குத் துணிவில்லை. சாக்கடையும் எலியும் நிறைந்த நீர் நாய்க்கு எலிக் காய்ச்சலைக் கொடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியபோது, கூழைக்கடாக்கள் கறுத்துப்போன இறகோடு நின்றதை நாங்கள் பார்த்தோம். கால்வாயைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை இல்லை என்பதால் அதை இந்த மடலில் நீட்டவில்லை. அந்தக் கரை நடக்கத் தகுந்ததாகும்வரை எங்கள் நாய்களை வேறெங்காவது கொண்டுபோக வழி கொடுங்கள் என்பது மட்டும் உங்கள் வேலைக்குள் வரும்.

பழவேற்காடு அப்படியொரு இடம். அங்கே டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல். ஆம்ஸ்டர்டாமில் அந்தக் கால்வாய்களை வெட்டத் தொடங்கிய அதே ஆண்டு. அக்காவோடு அந்தக் கரையில் நடந்தபோது இதை அவளிடம் சொன்னேன். பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் இருவரும் பார்த்த டச்சுக் கல்லறைகளின் மண்டையோட்டுச் சிற்பங்கள் அவளுக்கு நினைவிருந்தன. எங்கள் கரையில் நெய்த துணி கப்பலேறி ஈட்டித் தந்த செல்வத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்குப் போயிருக்கிறது. அந்த ஊர் நாய் ரயிலில் போகிறது.

பழவேற்காட்டில் நாய்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் மார்ச்வரை பூநாரைகளும் நாரைகளும் வந்து தங்கும் ஏரி அது, சரணாலயம். ஒரு நாய் அவிழ்ந்து ஓடினால் ஒரு கூட்டமே எழும்பிப் பறந்துவிடும், பல நூறு மைல் பறந்து வந்த பறவை இரை மேய்வதை விட்டுவிடும். சேற்றுத் திட்டுப் பக்கமும் கல்லறைகளின் வளாகத்துக்குள்ளும் நாயை விடவே கூடாது. படகிலும் ஏற்றக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து போன உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. கலங்கரை விளக்கத்துப் பக்கம் கடற்கரை மணலில், வாரைப் பிடித்தபடி ஒரு நடை. மர நிழலில் கொண்டுபோன சோறு. தண்ணீர் வைக்க ஒரு கிண்ணம். தை மாதத்து வெயில் நாய் தாங்கும். மே மாதத்தில் ரயில் விட்டாலும் நாங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம். வியர்த்துக் குளிர்வதற்கு நாயின் உடம்பில் வழியில்லை, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் மிகுந்த காணும் பொங்கலன்றா இதைத் தொடங்குவது என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். என் கணவர் துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலை பார்ப்பவர். எங்கள் நால்வருக்கும் ஒரே சமயத்தில் விடுமுறை அமைவது ஆண்டில் சில நாட்கள்தான், அவற்றில் காணும் பொங்கல் ஒன்று. எங்கள் தெருவில் பெரும்பாலோரின் நிலை இதுவே. வெளியே கிளம்பும் அந்த நாளில்தான் நாயை வீட்டில் கட்டிப்போட்டு, அடுத்த வீட்டாரிடம் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, பாதி மனத்தோடு கிளம்புகிறோம். அல்லது என் மாமியாரைப் போல ஒருவர், ‘நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் ராணியோடு இருக்கிறேன்’ என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பழவேற்காட்டை அவர் பார்த்ததே இல்லை.

நான் கேட்பது ஒரு சோதனை ஓட்டம். கும்மிடிப்பூண்டித் தடம் ஒன்றில் மட்டும், போகியில் தொடங்கி காணும் பொங்கல்வரை, மேலே சொன்ன நிபந்தனைகளோடு நடத்திப் பாருங்கள். எத்தனை நாய்கள் ஏறின, எத்தனை புகார்கள் வந்தன, ஒரு கடியாவது நிகழ்ந்ததா என்று கணக்கெடுங்கள். அஞ்சுகிறவர்களிடமும் கருத்துக் கேளுங்கள், எங்களிடம் மட்டும் கேட்காதீர்கள். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நடைமேடையில் நின்று, வாய்க்கூடை இல்லாத நாயைத் திருப்பி அனுப்பவும், அசுத்தம் ஆனால் கழுவிவிடவும் எங்கள் பகுதியில் நாய் வளர்ப்பவர்கள் ஆள் தரத் தயாராக இருக்கிறோம். வாளியும் பினாயிலும் எங்கள் செலவு. கணக்கு பாதகமாக வந்தால் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள், நாங்கள் மறியல் செய்ய மாட்டோம்.

பொங்கலுக்கு முன் பதில் தெரிந்தால், மாமியாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ராணி வீட்டார் சார்பில்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பயணி